என் வீட்டுக்காரர் வீசாத கேசட்டுகள்

1

என் வீட்டுக்காரர் குடிக்கமாட்டார். இதை முதலில் எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன். பாதியில் நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் இதையாவது தெரிந்துகொண்டு போகட்டும்.

நான் இருப்பது மலேசியாவில், கிள்ளான் பட்டணத்தில். பிறந்ததும் வாக்கப்பட்டதும் வரதராஜன்பேட்டை. கலியாணமான மறு வருஷம் கப்பலேறி வந்தவள், வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கன்னியாஸ்திரீகளிடம் மூன்றாவது வரைக்கும் படித்தேன். ஒரு பக்கம் எழுத ஒரு பகல் பிடிக்கிறது. பிடிக்கட்டும், எனக்கு என்ன அவசரம்.

என் வீட்டுக்காரர் பெயர் ஆரோக்கியசாமி. பேக்டரிக்கு வேலையாட்களை ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டினார். எங்களுக்கு ஒரே மகன், பிரான்சிஸ். பத்து வருஷம் காத்திருந்து பெற்றவன். அவன்தான் இன்றைக்கு இந்த நாட்டில் பேர்பெற்ற ராப் பாடகன். மேடையில் அவனுக்கு வேறு பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயரைத்தான் நான் எழுதுவேன். ராப் என்றால் பாட்டு என்றும் சொல்ல முடியாது, பேச்சு என்றும் சொல்ல முடியாது. தாளத்தைப் போட்டுவிட்டு மூச்சு விடாமல் வார்த்தையை அடுக்கிக்கொண்டே போவது.

போன வருஷம் அவன் வாழ்க்கையை இங்கே படமாக எடுத்தார்கள். சுவரொட்டியில் 'உண்மைக் கதை' என்று கொட்டை எழுத்து. அந்தப் படத்து சிடி எங்கள் ஊர்ப் பக்கம் ஜெயங்கொண்டம், அரியலூர், அங்கே பெரம்பலூர் வரைக்கும் போய்விட்டது. பார்த்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படம் வந்து ஒரு மாதம் இருக்கும். என் பேத்திக்கு அப்போது ஏழு வயது. தமிழைத் தொட்டும் தொடாமலும்தான் பேசுவாள். பள்ளியில் குடும்பத்தைப் படமாக வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா, அம்மா, பாட்டி எல்லாரையும் வரைந்தாள். ஓரத்தில் ஒரு ஆளை வரைந்து கையில் பாட்டிலைக் கொடுத்திருந்தாள்.

"இது யாரு?" என்றேன்.

"தாத்தா," என்றாள். அவள் தாத்தாவைப் பார்த்ததே இல்லை. அவள் பிறப்பதற்குக் கொஞ்ச மாதம் முந்தித்தான் அவர் போனார்.

அந்தத் தாளை அன்றே மகனிடம் காட்டினேன். அவன் பார்த்துவிட்டு, பிள்ளைதானே அம்மா, அழித்துவிடலாம் என்றான். தாளில் இருப்பதை ரப்பர் வைத்து அழிக்கலாம்.

2

நடந்தது இதுதான்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம். பிரான்சிஸுக்குப் பத்தொன்பது வயது. பரீட்சையில் தேறவில்லை. தொழில் படிக்கச் சேர்த்துவிட்ட இடத்துக்கும் போகவில்லை. நாலு பையன்களோடு சேர்ந்து, எங்கள் நாலாம் மாடி வீட்டுக்குள் அடைந்துகொண்டு கேசட்டில் பேசிப் பேசிப் பதிவு செய்துகொண்டிருந்தான். அதில் ஒன்றை நான் சமையற்கட்டில் நின்று கேட்டேன். பெண்பிள்ளைகளைப் பற்றி அதில் இருந்த வார்த்தையை நான் இங்கே எழுத முடியாது. கோயிலுக்குப் போய்வருகிற நான், அந்த வார்த்தை என் வீட்டிலிருந்து கீழ் மாடிக்குக் கேட்கிறதே என்று கூனிக்குறுகிப் போனேன்.

மறுநாள் அவன் வெளியே போன நேரத்தில் கேசட்டுகளை எல்லாம் ஒரு மாப் பையில் அள்ளினேன். ஒவ்வொன்றிலிருந்தும் நாடாவை உருவினேன். நாலு மாடி இறங்கி, எதிரே இருந்த பெரிய சாக்கடையில் கொட்டினேன். அவன் எழுதி வைத்திருந்த நோட்டையும் போட்டேன். கத்தவில்லை, அழவில்லை. மேலே ஏறி வந்து விட்ட இடத்திலிருந்து வெங்காயம் உரித்தேன். அவன் வந்து கேட்டபோது, ஆமாம் நான்தான் என்றேன். எகிறினான். கன்னத்தில் ஒன்று கொடுத்து, இனி இந்த வாசலை மிதிக்காதே என்று தாழ்ப்பாள் போட்டேன்.

வீட்டுக்காரர் வந்ததும் அவரிடமும் அதையேதான் சொன்னேன். அவர் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கீழே போனார். ஒரு வாரம் பிள்ளையைப் பஸ்ஸிலேயே தங்க வைத்து, நான் போட்டுக் கொடுத்த சோற்றில் பாதியைக் கொண்டுபோய் அவனுக்குக் கொடுத்திருக்கிறார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார். நான் சோற்றைக் கூட்டிப் போட்டேன்.

ஒரு கேசட் மட்டும் சிநேகிதன் வீட்டில் தப்பிக் கிடந்தது. அதை வாங்கி வந்து பஸ்ஸில் போட்டார். பேக்டரிக்குப் போகிற பெண்கள், தமிழ்ப் பெண்கள், மலாய்ப் பெண்கள், முதல் நாள் காதைப் பொத்திக்கொண்டார்களாம். "அண்ணே, இது பாட்டா, பஸ் ரிப்பேரா?" என்று ஒருத்தி கேட்டாளாம். அவர் விடவில்லை. காலையில் போகும்போதும் அதுதான், சாயங்காலம் திரும்பும்போதும் அதுதான். ஒரு மாதத்தில் அந்தப் பெண்கள் கூடவே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பிரான்சிஸுக்கு முதலில் கிடைத்த ஜனம் அந்த பஸ்தான். அவருக்கு அந்தப் பாட்டு பிடிக்குமா என்றால் பிடிக்காது. அவருக்கு மாதா பாட்டுதான். "அவன் வாய்க்குள்ள ஒரு பஸ் ஓடுது, சவரி. பிரேக் பிடிக்க நீயும் நானும் யாரு?" என்று என்னிடம் சொன்னார்.

நாலு வருஷம் கழித்து அவர் இறந்தார். வண்டி நிறைய ஆட்கள். நெஞ்சு வலி வந்ததும் பஸ்ஸை ஓரம் கட்டி, பிரேக் போட்டு, இன்ஜினை நிறுத்தி, அதற்குப் பிறகுதான் ஸ்டியரிங் மேல் சாய்ந்திருக்கிறார். ஒருத்திக்கும் ஒரு கீறல் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் அந்தப் பெண்கள் அழுததை நான் பார்த்தேன்.

3

படம் எடுக்குமுன் டைரக்டர் வீட்டுக்கு வந்தார். நான் டீ போட்டுக் கொடுத்தேன். மேலே எழுதியிருக்கிற அத்தனையும் சொன்னேன், ஒன்றையும் மறைக்கவில்லை. நான்தான் கேசட்டைக் கொட்டினேன் என்று சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன்.

முதல் நாள் தியேட்டரில் என்னை முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். திரையில் ரப்பர் தோட்டம். நாங்கள் தோட்டத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. ஒரு குடிசை. அதற்குள் நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு ஒருத்தி அழுகிறாள். அது நானாம். மகன் பாட வேண்டும் என்று அம்மன் கோயிலில் மண்சோறு சாப்பிடுகிறாள். கழுத்துச் சங்கிலியை விற்று மகனுக்கு மைக் வாங்கித் தருகிறாள். அந்தச் சங்கிலி அப்போது என் கழுத்தில் கிடந்தது, இப்போதும் கிடக்கிறது. புருஷன் தள்ளாடிக்கொண்டு வருகிறான். அவள் தலைமயிரைப் பிடித்து இழுக்கிறான். கேசட்டுகளைச் சாக்கடையில் வீசுகிறான். கடைசியில் சாராயக் கடை வாசலில் விழுந்து சாகிறான். மகன் கொள்ளி வைக்கிறான். எங்கள் மனிதரைப் பெட்டியில் வைத்து, மந்திரித்து, கல்லறையில் அடக்கம் செய்தோம். அதைக்கூட எரித்துவிட்டார்கள்.

நான் செய்தது எல்லாம் அவர் தலையில். அவர் செய்தது எல்லாம் என் தலையில்.

படம் விட்டதும் ஜனங்கள் வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். ஒருத்தி என் முதுகைத் தடவி, எவ்வளவு அடி வாங்கிய முதுகு என்றாள். மகனுடைய காரில் ஏறிக் கதவைச் சாத்தினேன்.

"ஏன்டா இப்படிப் பண்ணே?" என்றேன்.

அவன் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். டைரக்டர்தான் மாற்றினார், தான் ஒத்துக்கொண்டேன் என்றான். அம்மாவைக் கெட்டவளாகக் காட்டினால் நம் ஜனம் தியேட்டருக்கு வராது, அப்பனை எப்படிக் காட்டினாலும் பொறுத்துக்கொள்ளும் என்று சொன்னார்களாம்.

"அப்பா போயிட்டாரும்மா. நீ இருக்கே. நாலு பேரு உன்னைத் திட்டினா நான் எப்படித் தாங்குவேன்?"

"இருக்கறவ நான் பதில் சொல்லிக்குவேன்டா. அந்த மனுஷன் குழியிலேர்ந்து எழுந்து வந்தா சொல்லுவாரு?"

அவன் அழுதான். அழுகையால் எனக்கு என்ன ஆகும்? சிடி அச்சாகிக்கொண்டிருந்தது.

4

இந்த நாட்டில் எனக்கு இன்னும் சிவப்பு அடையாள அட்டைதான், குடிமக்களுக்குத் தருகிற நீலம் இல்லை. குடியுரிமை கேட்டு எத்தனையோ தடவை எழுதிப் போட்டுவிட்டேன். ஒரு முறை ஆபீசில் மலாய் பேசச் சொன்னார்கள். சந்தையில் மீன்காரனிடம் பேசுகிற மலாய்தான் எனக்கு வரும், அதைப் பேசினேன். அடுத்த முறை வாருங்கள் என்றார்கள். இன்னொரு முறை என் அப்பா பெயரில் ஒரு எழுத்து ஒரு தாளில் ஒரு மாதிரி, இன்னொரு தாளில் வேறு மாதிரி இருக்கிறது என்று மொத்தத்தையும் திருப்பித் தள்ளினார்கள். அந்த ஒரு எழுத்துக்காக மூன்று ஆபீஸ் ஏறி இறங்கினேன். ஒரு எழுத்து தப்பினால் ஏற்றுக்கொள்ளாத உலகம், ஒரு ஆளையே தப்பாக எழுதிச் சுவரில் ஒட்டினால் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் உட்காருகிறது.

டைரக்டர் ஆபீசுக்கும் போனேன். காலைப் பூசை முடித்து, சந்தைக்குப் போகிற பஸ்ஸில் ஏறி, அப்படியே போனேன். முன்னால் உட்கார்ந்திருந்த பெண் அப்பாயின்ட்மென்ட் உண்டா என்று கேட்டாள். உன் முதலாளி என் வீட்டில் டீ குடித்த நாளில் நான் அப்பாயின்ட்மென்ட் கேட்கவில்லை என்றேன். உள்ளே விட்டாள்.

அவர் மரியாதையாகத்தான் பேசினார். உண்மைச் சம்பவத்தைத் தழுவியது என்று முதலிலேயே போட்டிருக்கிறோம் அம்மா, தழுவியதுதானே என்றார்.

"தழுவறதுன்னா கட்டிப் புடிக்கிறது தம்பி. நீங்க கழுத்தை நெரிச்சிருக்கீங்க," என்றேன்.

உங்களைத் தெய்வமாகத்தானே காட்டியிருக்கிறோம் என்றார். அதற்கு மேல் அந்த ஆளிடம் பேச என்ன இருக்கிறது? வந்துவிட்டேன்.

5

இந்த வருஷம் என் வீட்டுக்காரருடைய எட்டாவது நினைவு நாளுக்கு ஊருக்குப் போனேன். மகன் வரவில்லை, கச்சேரி இருந்தது.

ஊரில் அவருக்கு ஒரே தங்கை, மரியபுஷ்பம். அப்பன் முகம் அறியாதவள். இவர்தான் அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஏலாக்குறிச்சி மாதா திருவிழாவுக்கு நடந்தே கூட்டிப்போனவர். அண்ணன் என்றால் அவளுக்கு அப்படி. ஒவ்வொரு வருஷமும் நினைவு நாளன்று ஊர்க் கோயிலில் அவர் பெயருக்குப் பூசை வைப்பாள். வீட்டில் திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே அவர் போட்டோவை மாட்டி, மெழுகுவத்தி ஏற்றுவாள்.

இந்தத் தடவை போய் நிற்கிறேன். போட்டோ இருந்த இடத்தில் ஆணிதான் இருந்தது.

முந்திரிக் கொட்டை உடைத்து உடைத்துக் கறுத்துப்போன கையால் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "எம்புட்டு அடி வாங்கிருக்கீங்க அண்ணி. ஒரு கடுதாசியில கூட எழுதலியே," என்று அழுதாள்.

அவர் என்னைக் கை நீட்டி அடித்ததே இல்லை, அவர் குடித்ததும் இல்லை என்றேன். அவள் தலையை ஆட்டினாள். சின்னப் பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற ஆட்டல்.

"இந்தா பாரு புஷ்பம். அந்தப் படத்துல எனக்குப் பொட்டு வெச்சிருக்கான். நான் பொட்டு வெப்பேனா?"

"வெக்க மாட்டீங்க."

"அம்மன் கோயிலுக்குப் போவேனா?"

"எங்க போவீங்க."

"சங்கிலியை வித்துட்டேங்கறான். இதோ கழுத்துல கெடக்குதா?"

"கெடக்குது."

"அவ்வளவும் பொய்யின்னா, குடி மட்டும் எப்படிடி நெசமாச்சு?"

"குடியைப் பத்தி யாரு அண்ணி பொய் சொல்லுவா?" என்றாள்.

இறப்புச் சான்றிதழைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். இதயம் நின்று இறந்தார் என்று அதில் போட்டிருக்கிறது. ஆனால் எழுதியிருப்பது மலாயில். இங்கிலீஷ் எழுத்து, மலாய்ப் பேச்சு. பள்ளிக்கூடத்து சாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி வாசித்தார், அர்த்தம் தெரியவில்லை. அந்த வார்த்தைக்கு இதயம் என்று அர்த்தம் என்றேன். சரிங்கம்மா என்றார். ஆமாம் சொல்வதற்கும் நம்புவதற்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதா?

கேசட்டைக் கொட்டியது நான் என்று தெருவில் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு மரியாதை ஏறிக்கொண்டே போனது. செத்த புருஷனை விட்டுக்கொடுக்காமல் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறாளே, இவளல்லவா பெண் என்றார்கள். விதவை என்றும் பாராமல் கலியாண வீட்டிலிருந்து வந்து தாலியை ஆசீர்வாதம் பண்ணிக் கொடுக்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

கடைசியில், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். அந்தக் கேசட் விஷயத்தை அதுவரைக்கும் நான் பாவம் என்று நினைத்ததே இல்லை. தாய் செய்யவேண்டியதைச் செய்தேன் என்றுதான் இருந்தேன். சாமியார் முன்னால் சொன்னாலாவது அது என் பெயரில் நிற்கும் என்று போனேன். பிள்ளையின் உழைப்பைச் சாக்கடையில் கொட்டினேன், வீட்டை விட்டுத் துரத்தினேன், பழி புருஷன் மேல் விழுந்துவிட்டது என்று சொன்னேன். பாவசங்கீர்த்தனம் கேட்கிற மரத் தொட்டிக்குள் இருந்த சாமியார் சின்ன வயசுக்காரர். மெதுவாகச் சொன்னார்:

"புருஷன் பாவத்தைச் சுமக்கறது பெரிய மனசும்மா. ஆனா இந்த எடத்துல பொய் சொல்லக் கூடாது."

அவரும் படம் பார்த்திருக்கிறார். பொய் சொன்னதற்காக 'அருள் நிறைந்த மரியே' செபத்தை ஐந்து தடவை சொல்லும்படி எனக்குப் பரிகாரம் கொடுத்தார். அதை நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

6

நினைவு நாளுக்கு முதல் நாள் மத்தியானம். மறுநாள் சாப்பாட்டுக்காக நானும் புஷ்பமும் கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். ஒத்தாசைக்குத் தெருப் பெண்கள் வந்திருந்தார்கள். பேச்சோடு பேச்சாக, பூசைக்கு என்னவென்று எழுதிக் கொடுத்தாய் என்று புஷ்பத்தைக் கேட்டேன். வழக்கமாக 'ஆத்தும இளைப்பாற்றிக்காக' என்றுதான் கோயிலில் வாசிப்பார்கள். இந்த வருஷம், 'குடியால் கெட்ட ஆத்துமத்தின் பாவப் பொறுத்தலுக்காக' என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். மறுநாள் காலை, ஊர் நிறைந்த கோயிலில், அவர் பெயரைச் சொல்லி அதைத்தான் வாசிப்பார்கள்.

"என் அண்ணன் மோட்சத்துக்குப் போவணும் அண்ணி. மறைச்சா ஆண்டவர் ஏத்துக்க மாட்டாரு," என்றாள்.

அந்நேரம் பார்த்து, அவள் மருமகள் ஜெயா வந்த பெண்களுக்காக அந்தப் படத்தைப் போட்டாள். தங்கமான பெண், மாமியாரின் அண்ணியைப் பெருமைப்படுத்துவதாக நினைத்துப் போட்டாள். குடிசை வந்தது. குங்குமக்காரி வந்தாள். தள்ளாடிக்கொண்டு அவன் வந்தான்.

நான் எழுந்தேன். பெட்டியில் பொத்தானை அமுக்கினேன், சிடி வெளியே வந்தது. எடுத்தேன். இரண்டு கையாலும் மடக்கினேன். முதலில் வளைந்தது, பிறகு உடைந்தது. அட்டையையும் கிழித்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவைத் தாண்டி, எதிர்ச் சாக்கடையில் போட்டேன். ஒரு சத்தம் போடவில்லை. திரும்பி வந்து, கையைக் கழுவி, உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து வெங்காயத்தை உரித்தேன்.

பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். புஷ்பம் கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்தாள். என் முகத்தையே பார்த்தாள். நாற்பது வருஷத்தில் என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை.

"நீதானா?" என்றாள். 'ங்க' போய்விட்டது. அண்ணி போய்விட்டது.

"வந்த நாள்லேர்ந்து அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்."

"எங்கண்ணனையா நான் இத்தனை நாளா..." என்றவள் எழுந்து உள்ளே போனாள். டிரங்குப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. போட்டோவை முந்தானையால் துடைத்துக்கொண்டு வந்தாள். ஆணியில் மாட்டினாள். சேலையைக்கூட மாற்றாமல் கோயிலுக்குப் போய், எழுதிக் கொடுத்ததை வாங்கிக் கிழித்துவிட்டு வேறு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். வந்து அடுப்பங்கரைக்குப் போனாள். என் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் கோயிலில் அவர் பெயரை வாசித்தார்கள், 'ஆத்தும இளைப்பாற்றிக்காக' என்று. நான் ஒரு தூணோரம் முட்டி போட்டிருந்தேன். அவள் முன்னால் இருந்தாள்.

நான் கிளம்புகிற அன்று ஜெயாதான் பஸ் ஏற்றிவிட வந்தாள். புஷ்பம் வரவில்லை. கிள்ளான் வந்து சேர்ந்து போன் செய்தேன், எடுத்தவள் என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாள். அவளுக்கு என்னை விட்டால் அண்ணன் வீட்டோடு பேச யாரும் இல்லை, எனக்கும் அவளை விட்டால் அந்த ஊரில் யாரும் இல்லை. வலிக்காமல் இல்லை. மகன் கேட்டான், அத்தையோடு என்ன சண்டை என்று. அவனிடம் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

ஜெயா மட்டும் மாமியாருக்குத் தெரியாமல் எப்போதாவது பேசுகிறாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் புஷ்பம் என்னைத் திட்டுகிறாளாம். பெற்ற பிள்ளை பாட்டைச் சாக்கடையில் கொட்டிய ராட்சசி, கூடப் படுத்த பாவத்துக்கு எங்கண்ணன் தங்கம் வாயைத் திறக்காமல் இருந்தான் என்கிறாளாம். ஒவ்வொரு தடவையும் எங்கண்ணன் தங்கம் என்றுதான் சொல்கிறாளாம்.

திட்டட்டும்.